பூட்டிய அறைக்கு இருபத்தேழு டிகிரி

நவம்பர் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் அண்ணியும் பிள்ளைகளும் நலம்தானே? அம்மாவுக்கு மாடி வீட்டுக்காரியோடு புதுச் சண்டை. அவள் தொட்டிச் செடிக்கு ஊற்றுகிற தண்ணீர் நம் துணியில் சொட்டுகிறதாம். தினமும் காலையில் பால்கனியில் காவல் நிற்கிறாள். உடம்பு தேறிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

போனில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம் உனக்கே தெரியும். போன மாதம் நான் ஒன்று சொல்ல, நீ இரண்டு சொல்ல, யார் முதலில் வைத்தது என்றே தெரியவில்லை. இங்கே நான் போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். உன் பக்கம் ரிசப்ஷனில் பத்துக் காது. எழுத்தில் என்றால் நிதானமாகப் பேசலாம்.

விஷயம் இதுதான். நம் ஓட்டலில் பாய்லரைத் தூக்கிவிட்டு ஹீட் பம்ப் போட்ட பிறகு முதல் முழு மாதத்தின் அளவு என் மேசைக்கு வந்திருக்கிறது. ஹீட் பம்ப் எதையும் எரிப்பதில்லை. வெளிக்காற்றில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சூட்டை இழுத்து வந்து உள்ளே கொட்டுகிறது. வெயில் காலத்தில் உள்ளே இருப்பதை வெளியே கொட்டும். அதனால்தான் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் சூடு கிடைக்கும் என்று, அதைப் போட்டுக் கொடுத்த எங்கள் கம்பெனி சார்பில் உத்தரவாதம் கொடுத்தோம். அதில் கையெழுத்துப் போட்டவள் நான். ஆனால் வந்திருக்கும் அளவு இரண்டரையைக்கூடத் தொடவில்லை.

ஏன் என்று தோண்டிப் பார்த்தேன். பகலில் தங்கியவர்கள் எல்லாம் வெளியே போனதும் இயந்திரம் ஓய வேண்டும். ஓயவில்லை. முப்பத்தைந்து அறை சும்மா இருக்கும்போது ஒரே ஒரு அறைக்காக மொட்டை மாடியில் இருப்பதெல்லாம் விட்டு விட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் மாடி, 309. இரவு பகல் பாராமல் இருபத்தேழு டிகிரி. நீ அனுப்பிய பதிவேட்டில் அந்த அறை முழு மாதமும் காலி என்று இருக்கிறது.

காலி அறையில் யார் குளிர் காய்கிறார்கள்? விசாரித்து எழுது. இந்த மாதப் பதிவேட்டோடு சலவைப் பட்டியலையும் அனுப்பு. வெந்நீர் எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் தங்கை


நவம்பர் 12

அன்புள்ள சுண்டெலிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு பக்கத்தில் அம்மாவுக்கு ஆறு வரி, எங்களுக்கு ஒரு வரி, மிச்சமெல்லாம் இயந்திரத்துக்கு. பரவாயில்லை, ஒரு வரியாவது கிடைத்ததே!

இயந்திரத்தைப் பற்றி நல்லதையும் கேள். புகை இல்லை. சத்தம் இல்லை. ஏழு மணிக்கு எல்லோரும் ஒன்றாகக் குழாயைத் திறந்தாலும் கடைசி அறை வரைக்கும் வெந்நீர் வருகிறது. போன வாரம் வந்த ஒரு குடும்பம், "இங்க வெந்நீர்னா வெந்நீர்தான்" என்று புத்தகத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கிறது. பாய்லர் அறையில் இருபத்தைந்து வருஷம் கரியோடு கிடந்த நம் மீசை அண்ணன் இப்போது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறார். "வேலை செய்ற மாதிரியே இல்ல தம்பி, ஆஸ்பத்திரிக்கு யாரையோ பாக்கப் போற மாதிரி இருக்கு" என்கிறார்.

309 ஒன்றும் இல்லை. குளியலறையில் கசிவு. சுவர் ஈரம் காய வேண்டும் என்று நான்தான் சூடு போட்டு வைக்கச் சொன்னேன். காய்ந்ததும் அணைத்துவிடலாம். இதற்கெல்லாம் நீ மண்டையை உடைத்துக்கொள்ளாதே. உன் அண்ணி கேட்கச் சொன்னாள்: அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

பதிவேடும் சலவைப் பட்டியலும் இதோடு இருக்கின்றன.

அன்புடன்,
அண்ணன்


நவம்பர் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவின் முழங்கால் நன்றாக இருக்கிறது. மாடி வீட்டுக்காரி தொட்டியை நகர்த்திவிட்டாள். அம்மாவுக்கு இப்போது பொழுது போகவில்லை.

கசிவு என்று எழுதியிருக்கிறாய். அண்ணா, மூன்றாம் மாடிக் குழாய்களை ஆகஸ்டில் நான்தான் பக்கத்தில் நின்று மாற்ற வைத்தேன். ஒவ்வொரு இணைப்பையும் அழுத்தம் கொடுத்துப் பார்த்தேன். 309 குளியலறையில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கூட இருக்கிறேன். அங்கே கசிய வாய்ப்பில்லை என்று சொல்லவில்லை. கசிந்தால் எனக்கு உடனே தெரிந்திருக்கும் என்று சொல்கிறேன். ஈரச் சுவரைக் காய வைக்கிறவர்கள் சன்னலைத் திறந்து வைப்பார்கள். அந்த அறையின் சூடு ஏறி இறங்குவதைப் பார்த்தால் சன்னல் ஒரு நாள்கூடத் திறக்கப்படவில்லை.

இன்னொன்று. தினமும் மதியம் மூன்று மணிக்கு மூன்றாம் மாடியில் வெந்நீர் இழுக்கப்படுகிறது. இரண்டு பக்கெட் அளவு. இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறுவதில்லை. அந்த நேரத்தில் மாடியே வெறிச்சென்று இருக்கும், யார் குளிக்கிறார்கள்?

உனக்குப் பிடிக்காது என்று தெரிந்தே கேட்கிறேன். 309 சாவி யாரிடம் இருக்கிறது? மீசை அண்ணனிடமா? பாய்லர் போனதில் அவருக்குள் ஏதாவது குமைச்சல் இருக்கலாம். இல்லாவிட்டால் தெரிந்தவர்கள் யாரையாவது சத்தமில்லாமல் தங்க வைக்கிறாரோ என்னவோ. அவரைத் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று மணிக்கு மாடி காலியாக இருக்கும் என்பது ஓட்டலுக்குள் இருக்கிறவருக்குத்தான் தெரியும்.

ஒருவேளை அறைச் சூட்டை அளக்கிற சென்சார் கெட்டிருந்தால்? அந்தச் சந்தேகமும் வேண்டாம் என்று புதிதாக ஒன்றை இதோடு அனுப்புகிறேன். மாற்றச் சொல்.

அன்புடன்,
தங்கை


நவம்பர் 26

சுண்டெலி,

சென்சாரை மாற்றியாகிவிட்டது. மாற்றினது யார் தெரியுமா? நீ சந்தேகப்படும் அதே மீசை அண்ணன்தான். ஸ்டூலில் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு மாட்டினார். நீ எழுதியதை அவரிடம் நான் சொல்லவில்லை. உனக்குச் சோறு ஊட்டியவர்களில் அவரும் ஒருவர். அம்மா சமையலறைக்கும் ரிசப்ஷனுக்கும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் உன் பள்ளிக்கூடப் பையைப் பாய்லர் அறையில் பத்திரமாக வைத்திருந்தவர். அவரைப் போய்க் குமைச்சல், அது இது என்று எழுதுகிறாயே.

நானும் ஒன்று கேட்கட்டுமா? எங்கள் ஓட்டலில் எந்தச் சன்னல் திறந்திருக்கிறது, யார் எப்போது தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் உன் மேசையில் தெரிகிறதே, இதை நீ முன்னாலேயே சொன்னாயா? கரண்டு மிச்சமாகும் என்றுதான் சொன்னாய். வேவு பார்க்கும் என்று சொல்லவில்லை. அடுத்த மாதம் உங்கள் பெரிய மேலாளர் வெளிநாட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு நம் மொட்டை மாடியைக் காட்ட வரப்போகிறாராம். உங்கள் ஆபீஸிலிருந்து போன் வந்துதான் எனக்கே தெரியும். அளவு மூன்றைத் தொட வேண்டும் என்ற உன் தவிப்பு எங்களுக்காகவா, உன் பதவி உயர்வுக்காகவா? உன் ஓட்டலா, என் ஓட்டலா, கம்பெனி ஓட்டலா என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது.

309 சுவர் இன்னும் காயவில்லை. காய்கிறபோது காயட்டும்.

அண்ணன்

பி.கு.: அந்த அறையில் இருபத்தேழுக்கு மேல் ஏற்ற முடியவில்லை. பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் அறைச் சூடு அங்கேயே நின்றுவிடுகிறது. இன்னும் ஒரு டிகிரி கூட்ட வழி இருக்கிறதா?


டிசம்பர் 1

அண்ணாவுக்கு,

ஈரச் சுவருக்கு இருபத்தெட்டு டிகிரி கேட்கிற முதல் ஆள் நீதான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கோபத்தில் எதுவும் எழுதவில்லை. பிறகு நீயே அனுப்பிய சலவைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெந்நீருக்காகக் கேட்ட பட்டியல். அதில் 309-க்கு நேராகத் தினமும் ஒரு படுக்கை விரிப்பு. சில நாள் இரண்டு. துண்டு மூன்று. பூட்டிக் கிடக்கும் அறையில் தினமும் விரிப்பு மாற்றுகிற ஓட்டல் உலகத்தில் வேறு எங்கேயும் இருக்காது. பொய் சொல்கிறவன் பட்டியலையாவது திருத்தியிருக்க வேண்டாமா?

நேராகவே கேட்கிறேன். அந்த அறையில் யார் இருக்கிறார்கள்? மீசை அண்ணன் யாரையோ ஒளித்து வைத்து, அதை நீ மூடி மறைக்கிறாயா? இல்லை, நீயே யாரையாவது வைத்திருக்கிறாயா? இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. அண்ணிக்குத் தெரியுமா? என் கல்யாணம் முறிந்து நான் பெட்டியோடு வந்தபோது வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருக்கும் ஒண்ணும் பதில் சொல்ல வேணாம், உள்ள வா" என்றவள் அண்ணி. அவளுக்கு அப்படியொரு துரோகம் நடந்தால் நான் அண்ணன் என்று பார்க்க மாட்டேன். ஒரு ஆள் நம் குடும்பத்துக்குச் செய்துவிட்டுப் போனதே போதும். அவர் ரத்தம் உன்னிடமும் இருக்கிறதோ என்று யோசிக்கும்படி செய்துவிட்டாய்.

முடிவாகச் சொல்கிறேன். திங்கட்கிழமைக்குள் மீசை அண்ணனிடமிருந்து சாவியையும் இயந்திர அறைப் பொறுப்பையும் வாங்கிவிடு. இல்லாவிட்டால் இயந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று கம்பெனிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டியிருக்கும்; அவர்கள் ஆள் அனுப்பிக் கதவைத் திறப்பார்கள். அதுவரைக்கும் என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன். இன்று மதியம் 309-க்குப் போகிற இணைப்பை என் மேசைக் கம்ப்யூட்டரிலிருந்தே பூட்டிவிட்டேன். சூடு வராது. வெந்நீர் வால்வையும் மூடிவிட்டேன். உள்ளே யாரும் இல்லையென்றால் யாருக்கும் குளிராது. யாராவது இருந்தால் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரட்டும்.

தங்கை


டிசம்பர் 4

சுண்டெலி,

முதலில் அந்தப் பூட்டைத் திற. பிறகு மிச்சத்தைப் படி.

ஐந்து தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. ஆபீஸுக்குப் போட்டேன், வேலை நடக்கிற கட்டடத்துக்குப் போயிருக்கிறாய் என்றார்கள். அம்மா நம்பருக்குப் போட எனக்குத் தைரியம் இல்லை. அதனால் இந்தக் கடிதத்தைக் கூரியர் பையனிடம் கொடுத்து, உன் கையில்தான் தர வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன்.

309-இல் இருப்பது அப்பா.

செப்டம்பரில் முழங்கால் வலிக்கு மருந்து வாங்க மீசை அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போனார். வராந்தாவில் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரைத் தாண்டிப் போய்விட்டு, பிறகு திரும்பி வந்து பார்த்தாராம். "தம்பி, மொதலாளி மாதிரி இருக்கு, ஆனா பாதிதான் இருக்காரு" என்று என்னிடம் சொன்னார். நான் போனேன். ஏதோ கிடங்கில் காவல் வேலை பார்த்திருக்கிறார். நம்மை விட்டுவிட்டு அவர் யாரோடு போனாரோ, அந்தப் பெண் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. நுரையீரல் கெட்டுப்போயிருக்கிறது. குளிர் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்னார். நான் அவரை வெறுத்துக்கொண்டேதான் போனேன், சுண்டெலி. திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் தலை என் தோளில் இருந்தது. நான் என்ன செய்ய?

நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. பாய்லருக்கு வாஷர் வாங்கி வருகிறேன் என்று காலையில் போன மனுஷன் பத்தொன்பது வருஷமாக வரவில்லை. அன்றைக்கு உனக்குப் பதினாறு வயது. மறுநாள் தங்கியவர்கள் வெந்நீர் கேட்டுச் சத்தம் போட, நீ பாய்லரோடு மல்லுக்கட்டி முழங்கை வரைக்கும் சுட்டுக்கொண்டாய். அம்மா உன் கைக்கு மருந்து போட்டுக்கொண்டே, "அந்த ஆள் செத்தா எனக்குச் சொல்லாதீங்க" என்றாள். நீ, "உயிரோட இருந்தாலும் சொல்லாத" என்றாய். இரண்டு பேரும் சொன்னபடியே நானும் சொல்லவில்லை.

உன் அண்ணிக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். விரிப்பு மாற்றுவது அவள்தான், ஒரு முகச்சுளிப்பு இல்லாமல். மதியம் மூன்று மணிக்கு மாடி காலியானதும் உடம்பு துடைத்துவிடுவது மீசை அண்ணன். அவரிடமிருந்து சாவியை வாங்கச் சொல்கிறாய். வாங்கினேன் என்றே வைத்துக்கொள். நாளைக்கு மூன்று மணிக்கு யார் போவது? நீ வருகிறாயா?

நீ பூட்டிய அன்று நான் சந்தைக்குப் போயிருந்தேன். வந்து பார்க்கும்போது அறை ஜில்லென்று கிடந்தது. பொத்தான் வேலை செய்யவில்லை, குழாயில் பச்சைத் தண்ணீர். சமையலறையிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து பாட்டிலில் நிரப்பிக் காலடியில் வைத்தாள் உன் அண்ணி. நாலு கம்பளி போர்த்தினோம். வேறு அறைக்கு மாற்றலாம் என்றால் இந்த வாரம் எல்லா அறையும் நிறைந்திருக்கிறது. இருமல் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் தலையை ஆட்டுகிறார். அவர் பேசுவதே அபூர்வம். வந்த புதிதில் ஒரு நாள், "சத்தமே இல்லாம எப்படிடா சூடு வருது? யார் போட்டது?" என்று கேட்டார். சுண்டெலி போட்டது என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இயந்திரத்தைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. இப்போது அறை குளிர்ந்து பற்கள் அடித்துக்கொள்ளும்போது என் கையைப் பிடித்துக் கேட்டார்:

"அவளுக்குத் தெரிஞ்சிருச்சா?"

குளிருகிறது என்றுகூடச் சொல்லவில்லை.

உன் பதவி உயர்வைப் பற்றி எழுதியது தப்பு. உன்னைத் திசைதிருப்ப அதை எழுதினேன். என் ரத்தத்தைப் பற்றி நீ எழுதியதும் வலித்தது. இரண்டையும் விட்டுவிடுவோம். பூட்டைத் திற.

அண்ணன்


டிசம்பர் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ போனில் சொல்லிவிட்டாய், சூடு வந்துவிட்டது, இருமல் குறைந்திருக்கிறது என்று. ஆனாலும் நான் எழுதத்தான் வேண்டும். போனில் நீ பேசினாய். நான் உம் கொட்டியதோடு சரி.

உன் முதல் வரியைப் படிக்கும்போது நான் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆட்களோடு நின்றிருந்தேன். அந்த இடத்திலேயே போன் வழியாகப் பூட்டைத் திறந்துவிட்டேன். ஏன் என்று தெரியாமலேதான் திறந்தேன். அதற்கப்புறம்தான் "அப்பா" என்ற வார்த்தையைப் படித்தேன். வரிசை மாறியிருந்தால், அதைப் படித்த பிறகு திறந்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது. திறந்திருப்பேன் என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் நிச்சயமாகத் தெரியவில்லை. மூன்று நாள் ஒரு நோயாளி மனுஷனைக் குளிரில் போட்டேன் என்பது மட்டும் நிச்சயம். யாராவது இருந்தால் வெளியே வரட்டும் என்று எழுதினேனே, அவர் எழுந்து நடக்க முடியாதவர் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாதபோது செய்திருக்கக் கூடாது. என் மேசையில் எல்லாம் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மீசை அண்ணனுக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். நீ பிரிக்காதே. அவருக்கு என்மேல் கோபம் இருந்தால் அப்படியே இருக்கட்டும், சமாதானம் பேசாதே. அண்ணியிடம் நான் எழுதியதைச் சொல்லிவிட்டாயா? சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

கம்பெனிக்கு உண்மையைக் கொடுத்துவிட்டேன். 309-இல் நோயாளி ஒருவர் நிரந்தரமாக இருக்கிறார், அதற்கேற்றபடி அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று. நோயாளி யார் என்று மேலாளர் கேட்டார். ஓட்டலைக் கட்டியவர் என்றேன்.

என்னை வரச் சொல்லாதே, அண்ணா. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இப்போதைக்கு முடியாது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தை ஒளித்து வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கைப்பையில் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சில்லறை தேடுகிறேன் என்று அம்மா பையைத் திறந்திருக்கிறாள். நான் குளித்துவிட்டு வரும்போது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். முதல் பக்கத்தை முடித்து, மடித்து, இரண்டாவதை எடுத்தாள். நான் நிற்பது தெரிந்தும் நிமிரவில்லை. முழுதும் படித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். பிறகு எழுந்து போய்ச் சோற்று அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"முன்னூத்தி ஒம்பதுங்கிறது கடைசி ரூம்தானே?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"ஒன் அண்ணனுக்கு அறிவே கெடையாது. அந்த ரூமுக்கு ரெண்டு பக்கமும் வெளிச்சுவர். காத்து அடிச்சா கட்டில் கால் வரைக்கும் ஜில்லுனு இருக்கும். எத்தன வருஷம் அங்க படுக்கை போட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? நடுவுல இருக்கிற ரூமுக்கு மாத்தச் சொல்லு."

நீ போகிறாயா அம்மா என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நான் எதுக்குப் போகணும்? ரூமை மாத்தச் சொன்னேன். நான் சொன்னேன்னு அவர்கிட்டச் சொல்ல வேணாம்" என்றாள். பிறகு எனக்குச் சோறு போட்டாள். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. அன்று முழுக்கப் பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். மாடி வீட்டுக்காரி தொட்டியைப் பழைய இடத்துக்கே நகர்த்தியிருந்தாள்; தண்ணீர் சொட்டியும் அம்மா சண்டைக்குப் போகவில்லை.

நான் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். அம்மா சொன்னது சரி. 309 சுவர் வழியாக இழக்கிற சூடு நடு அறையைப் போல இரண்டு மடங்கு. அதை எழுதி வைத்திருப்பவளே நான்தான். உன் பின்குறிப்பில் நீ கேட்ட அந்த ஒரு டிகிரி, சுவர் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

305-க்கு இரண்டு பக்கமும் அறைகள், கீழேயும் அறை. அடுத்த வாரம் வரைக்கும் அதற்கு முன்பதிவு இல்லை, பார்த்துவிட்டேன். நகர்த்தும்போது வராந்தாக் காற்று படாமல் போர்த்திக் கொண்டு போங்கள். மீசை அண்ணன் ஒருவராகத் தூக்க வேண்டாம்.

இன்று காலையிலேயே 305-ஐ இருபத்தெட்டுக்கு ஏற்றிவிட்டேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது சுவரெல்லாம் சூடேறியிருக்கும்.

அன்புடன்,
சுண்டெலி